தேசப்பனுக்கு வலப்பக்கம் உட்காராதீர்கள்

பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டு மூன்று பேர் மெயில் போட்டிருக்கிறீர்கள். மாசி முடியும்வரை போகலாம். நானும் போன சனிக்கிழமை போனேன், ஆனால் பறவைக்காக இல்லை. என் இடது காதுக்காகப் போனேன்.

விஷயம் இதுதான். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் எனக்கு ஒரு கட்டி. வெஸ்டிபுலர் ஸ்வானோமா என்று வாயில் நுழையாத பெயர். புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளரும். நாம் கேட்பதற்கான நரம்பும் தள்ளாடாமல் நிற்பதற்கான நரம்பும் அங்கே ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. என் கட்டி இன்னும் சிறியது, காதும் முக்கால்வாசி கேட்கிறது. அதனால் கேட்கும் திறனைக் காப்பாற்றிக்கொண்டே கட்டியை எடுக்க முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் நடக்கும்போதே காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விட்டு, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். திரையில் அலை சுருங்கினால் கையை நிறுத்துவார்களாம். இத்தனை செய்தும் காது போகலாம், உத்தரவாதம் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற காதை நானே கொண்டுபோய்க் கொடுப்பதா? சம்மதம் சொல்லாமல் இரண்டு மாதமாக இழுத்தடித்தேன்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமானவர் தேசப்பன். பழவேற்காடு ஏரியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர். அவருக்கும் இதே கட்டி, வலது காதில். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. "வூட்டுக்கு வா சார், எப்டி கீதுனு கண்ணால பாரு" என்றார். அதனால் போனேன்.

வழி சுலபம். சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில், ஒரு மணி நேரத்தில் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ், கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம், எனக்கு மீன் கூடைக்கு நடுவில் நிற்கத்தான் வாய்த்தது. பஸ் நிலையத்திலிருந்து தேசப்பன் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ. நான் ஏறியபோது இருபது ரூபாய் வாங்கினார்கள்.

வீட்டு வாசலில் அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி அஞ்சலை உடனே வந்து, "இந்தாண்ட குந்து சார். அந்தாண்ட குந்துனா செவுத்தாண்ட பேசற மாரிதான்" என்றார். எழுந்து இடப்பக்கம் மாறினேன். தேசப்பன் சிரித்தார். முகத்தின் வலப்பாதி சிரிக்கவில்லை. ஆபரேஷனில் முக நரம்பும் அடி வாங்கியிருக்கிறது.

கட்டியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கண்டுபிடிக்கவில்லை, அதுதான் கோளாறு. இறால் தடவுகிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குந்திக்கொண்டு, கழுத்துவரை முழுகி, சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போட ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். காதில் தண்ணீர் போவது அங்கே தினமும் நடப்பது. ஒரு காது அடைத்தால் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிப்பார்கள், அவ்வளவுதான். தேசப்பன் இரண்டு வருஷம் குதித்திருக்கிறார். அஞ்சலை பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். நடையே தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன். அதற்குள் கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆகிவிட்டது, காதும் போய்விட்டது. "நாந்தான் சார் ஊத்தினேன், என் கையால" என்று அஞ்சலை திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்து மணிக்கு அவர் ஏரிக்குக் கிளம்பினார். ஏழெட்டுப் பேர் வரிசையாக இறங்கி, பேசிக்கொண்டே நகர்கிறார்கள். யார் எவ்வளவு தூரத்தில் என்று அந்தப் பேச்சை வைத்துத்தான் தெரியுமாம், கண்ணெல்லாம் தண்ணீர் மேல்தான். தேசப்பன் வரிசையின் வலக்கோடியில் நிற்பார். அப்போதுதான் எல்லோரும் கேட்கிற காதுப் பக்கம் இருப்பார்கள். அவருக்கும் வலப்பக்கம் அஞ்சலை நிற்பாராம், அந்தப் பக்கத்துக்குக் காதாக. அன்றைக்கு விருந்தாளி வந்திருக்கிறேன் என்று நண்டுக் குழம்பு வைக்க அவர் கரையில் தங்கிவிட்டார். பாவி நான், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மோட்டார் படகு வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது. வரிசையில் எல்லோரும் கத்தினார்கள். தேசப்பன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாச் சத்தமும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். படகு கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்பியது, ஆனால் அலை அவரைக் கவிழ்த்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்றால் போதும். அவர் எழவில்லை. தள்ளாடாமல் நிறுத்துகிற நரம்பும் காதோடு போய்விட்டதால், கலங்கிய தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். மூடாத வாயோரத்திலிருந்து ஏரித் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. கரையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழம்பை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உங்களுக்கும் அந்த டிக் டிக் வைத்தார்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனுக்கு இன்னாத்துக்கு சார் வெப்பாங்கோ? காப்பாத்தறதுக்கு காது இருந்தாத்தான? உனுக்கு இருக்குது. வெச்சிகினு இன்னாத்துக்கு குந்திகினு கீற?" என்றார். குரலில் கோபம் இருந்தது. அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை இருக்கிறது, யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, பழவேற்காட்டுக்குப் போகாதவர்களுக்கும் சேர்த்து: ஒரு காது மட்டும் அடைத்தாலோ இரைந்தாலோ தண்ணீர், அழுக்கு, சளி என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். காது டாக்டரிடம் போங்கள்.

என்னை பஸ் ஏற்றிவிட வந்தார் தேசப்பன். ஜன்னலிலிருந்து வருகிறேன் என்று கத்தினேன். அவர் தலையைத் திருப்பி எதிர்ப்பக்க டீக்கடையைப் பார்த்தார், யார் கூப்பிட்டது என்று. பஸ் நகர்ந்துவிட்டது.

பொன்னேரி வருவதற்குள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். வழக்கமாக வலது காதில்தான் வைப்பேன். அன்றைக்கு இடது காதில் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை வந்து அட்மிட் ஆகிவிடுங்கள் என்றது ஒரு பெண் குரல். கரகரவென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் கேட்டது. இன்னொரு தடவை சொல்லுங்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டேன்.