படத்திறப்புக்கு இரண்டு நாள் முன்பு

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாகப் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், மூன்றுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பேன். கண்ணாடி வெட்டுகிற கைக்குப் பொறுமை வந்துவிட்டது, வாய்க்கு வரவில்லை. கலைமதியைப் பற்றிச் சொல்வதென்றால் என் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டது அதுதான்.

கலைமதி என் கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் படம் வரைகிறவள். வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் ஒலக்கூர்ப் பக்கம். அப்பா பச்சைமுத்து இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தார். அம்மா பெயர் சின்னபொண்ணு. ஒரு தனியார் பள்ளியில் கலைமதி ஒன்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தாள். ஆண்டு விழாவுக்குத் தோரணம் வெட்டுவதும், கணக்கு வாத்தியார் வராத நாளில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை என்று ஆனதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "இனிமே வரையறது மட்டும்தாண்ணா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மாடி ஏறினாள்.

முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு துணியை இழுத்துக் கட்டி, செடியிலிருந்து மல்லாட்டை ஆய்கிற ஐந்து பெண்களை வரைய ஆரம்பித்தாள். நான்கு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் விரலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன். ஆனால் மாடி ஏறிப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் ஒருநாள் சொன்னேன். "மாடியில உக்காந்து வரைஞ்சா மாடிக்குத்தாம்மா தெரியும். ஊருக்குத் தெரிய வேணாமா? போன்ல போடு."

போட்டாள். பென்சிலால் ஒரு முகம் வெற்றுத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதை ஒரு நிமிட வீடியோவாக்கிப் போட்டாள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. ஆர்டர் வர ஆரம்பித்தது. முக்கால்வாசி படத்திறப்புக்கு. எங்கள் பக்கத்தில் செத்தவருடைய படத்தைப் பதினாறாம் நாள் காரியத்தன்று வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்பார்கள். பெரியவர் ஒருத்தர் துணியை விலக்குவார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் அந்த முகத்தைப் பார்த்ததும் உடைந்து அழுவார்கள். அழுது முடித்து எழுந்து சாப்பிடுவார்கள். அத்தோடு வீடு மறுபடியும் வீடாகும். அதனால் அந்த மாதிரிப் படங்களைக் காரியம் முடிந்த பிறகுதான் போனில் போடுவாள் கலைமதி. மறந்துவிடக் கூடாது என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தாள்.

போகப்போக அந்த மாடியில் என்ன வேலை நடக்கிறது என்றே எனக்குப் புரியாமல் போனது. மேசைக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் போன் எந்நேரமும் தொங்கியது. தலை நிழல் தாளில் விழக் கூடாது என்று உடம்பை ஒருபக்கம் ஒடித்துக்கொண்டு வரைவாள். கண் தாளில் இருக்காது, போன் திரையில் இருக்கும். அப்புறம் வெட்டி ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. "வரைய நாலு மணி நேரம், வரைஞ்சேன்னு சொல்ல ஆறு மணி நேரம்ண்ணா" என்பாள். மல்லாட்டைப் பெண்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அருமையாக வந்த ஒரு கண்ணை ரப்பரால் அழித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நல்லாத்தான வந்துச்சி?"

"போன் நின்னு போச்சிண்ணா. வீடியோல வரல."

"படத்துல வந்துச்சே."

அவள் மறுபடி வரைந்தாள். இரண்டாவது கண் முதல் கண் மாதிரி வரவில்லை. ஒருநாளாவது ஓய்வெடு என்றால், "ரெண்டு நாள் போடலன்னா அது நம்மள மறந்துடும்ண்ணா" என்பாள். "அது இன்னா உனக்கு மாமியாரா?" என்று சீண்டுவேன். முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

போன பங்குனியில் பச்சைமுத்து மல்லாட்டை மூட்டையை டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடந்தபோது லாரி அடித்துவிட்டது. விழுப்புரத்தில் போஸ்ட்மார்ட்டம். நானும் கலைமதியும் நாளெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். "போன்ல சார்ஜ் இல்லண்ணா" என்றாள். அழவில்லை. உடம்பைத் தலையோடு சேர்த்துக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியே அனுப்பினார்கள். சின்னபொண்ணு அந்த வெள்ளை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அழவில்லை.

மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது சின்னபொண்ணு மகளிடம் சொன்னாள். "கடேசியா அவுரு மொகத்த நான் பாக்கல. நல்லதா ஒரு போட்டோ கூட கெடையாது. நீ வரைஞ்சி வை. படத்திறப்பு அன்னிக்கித்தான் பாப்பேன். அதுக்கு முன்னால எனக்குக் காட்டாத. அவுரு மொகத்தப் பாத்து ஒரு தபா நல்லா அழணும் நானு."

"சரிம்மா" என்றாள் கலைமதி.

பதினோராம் நாள் மாடிக்கு வந்தாள். ஆதார் அட்டையில் இருந்த படமும், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கும்பல் படமும்தான் கையில் இருந்தது. சட்டத்துக்கு அளவு கேட்கலாம் என்று நான் மேலே போனால், தலைக்கு மேலே போன் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் கூடவாம்மா?"

"கை பழகிடுச்சிண்ணா. அது இல்லன்னா கோடே வர மாட்டேங்குது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

மூன்று நாளில் முடித்துவிட்டாள். ஆயிரக்கணக்கான முகங்களுக்குச் சட்டம் போட்டவன் நான். சொல்கிறேன், பச்சைமுத்து அப்படியே இருந்தார். இடது புருவத்து வெட்டுத் தழும்பு, தோளில் கோணலாகக் கிடக்கும் துண்டு, கடன் கேட்க வந்தவரைப் போலக் கூச்சமாக ஒரு சிரிப்பு. கீழே கொண்டுவந்து கண்ணாடி போட்டு, அன்றைக்கே வெள்ளைத் துணி சுற்றிக் கட்டிவிட்டேன்.

பதினான்காம் நாள் மத்தியானம் கலைமதி அந்த வீடியோவைப் போட்டாள். 'அப்பா' என்று மட்டும் எழுதியிருந்தாள். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே எங்கள் கடைத்தெரு குரூப்புக்கு அனுப்பினேன், கூடப் படித்தவர்களுக்கு அனுப்பினேன், கலைமதி ஊர் குரூப்புக்கும் அனுப்பினேன். அழுகைதான் காரணம் என்று சொன்னால் பொய். கடைசியில் என் கடை போர்டும் தெரிந்தது, அதுவும் ஒரு காரணம். சுவரில் எழுதி வைத்த அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, அன்றைக்குக் காலையில் என் கையாலேயே துணி சுற்றிய எனக்கும் வரவில்லை. முட்டாள் என்று என்னைத் திட்ட இதைவிட நல்ல நாள் கிடையாது.

பதினாறாம் நாள் பந்தலில் நல்ல கூட்டம். துணியை விலக்கச் சின்னபொண்ணுவின் தம்பி தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு போனைக் கலைமதி கையில் திணித்து, "நீதான் நல்லா எடுப்ப" என்றார்கள். வாங்கிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தாள். துணி விலகியது. சின்னபொண்ணுவின் குரலுக்காக எல்லோரும் காத்திருந்தோம். அவள் காலண்டரைப் பார்ப்பதுபோலப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, மாமாவப் பாரு" என்றான் தாண்டவராயன்.

"பாத்துட்டேன்டா" என்றாள். "முந்தாநாளே எதுர் வூட்டுப் பொண்ணு போன்ல காமிச்சா. கட்டெவெரல் அத்தினியூண்டு இருந்தாரு. பின்னால இன்னாவோ பாட்டு ஓடிக்கினு இருந்துச்சி. மொகம் வந்துச்சி. வந்தவொடனே காணாம போயி மறுபடியும் வெறும் பேப்பரா ஆயிடுச்சி. திரும்ப வந்தாரு, திரும்ப போய்ட்டாரு. நாலு தபா. போதும் நிறுத்துடின்னுட்டேன். இப்ப அழுவயே வரல."

கலைமதி போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். அதுவும் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. நான் சின்னபொண்ணுவிடம் போய், ஊர் குரூப்புக்கு அனுப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். செருப்பைக் கழற்றி நாலு போட்டிருந்தால் தேவலை. "நல்லதுக்குத்தான தம்பி அனுப்ச்ச. சாப்ட்டுப் போ" என்றாள். இலையில் உட்கார்ந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கலைமதி கடைக்கு வந்தாள். அந்த வீடியோவைப் பார்த்து ஏழு ஆர்டர் வந்திருக்கிறதாம். ஏழும் செத்தவர்கள். எல்லோருமே வீடியோவும் சேர்த்துக் கேட்கிறார்களாம். அளவெல்லாம் எழுதிய சீட்டை நீட்டினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நாந்தானண்ணா போட்டேன்" என்று முடித்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, அப்பா படம் நல்லா வந்திருந்துச்சா?"

"இன்னாம்மா கேக்கற? வரைஞ்சவ நீ."

"நான் பாக்கலண்ணா. வரையறப்ப ஸ்கிரீனத்தான் பாத்துக்கினு இருந்தேன். அப்பறம் நீங்க எடுத்துக்கினு போயி துணி சுத்திட்டீங்க. படத்திறப்பு அன்னிக்கும் வீடியோ எடுத்துக்கினு நின்னேன்." புதுச்சேரி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த மூட்டை ஞாபகம் வந்தது. தாய்க்கு மட்டுமில்லை, இவளுக்கும் அந்த முகம் கிடைக்கவில்லை. அதை இவளுக்குத் திருப்பிக் கொடுக்க இருந்தது அந்த ஒரு படம்தான்.

"கெளம்பு" என்றேன். "வண்டி நிக்குது. ஒரு மணி நேரத்துல ஊருக்குப் போயி படத்தப் பாத்துட்டு வந்துடலாம்."

போனைப் பார்த்தாள். "இன்னிக்கு ஒண்ணு போடணும்ண்ணா. ஞாயித்துக்கெழம போலாம்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

அதற்கப்புறம் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.