"தா" என்றாள் எலேனா

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் பக்கத்து வீட்டு எலேனா பல்கேரியாவிலிருந்து வந்தவள். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். என் ஐந்து வயது மகள் ஆரணியோடு பழகி "வா", "தா" என்று சில தமிழ்ச் சொற்களும் பிடித்துவிட்டாள்.

போன வருடம் ஒருநாள் சொக்லேட் உருண்டைத் தட்டோடு வந்தாள். அவளுக்குப் பிறந்தநாளாம். அவர்கள் ஊரில் பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டுமாம்.

ஆரணிக்கு நட்ஸ் ஆகாது. ஒருமுறை தொண்டை வீங்கி அம்புலன்ஸில் கொண்டு ஓடியிருக்கிறோம். அதனால், "இதில் நட்ஸ் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எலேனா தலையை இடமும் வலமுமாக ஆட்டி, "தா, தா" என்றாள். 'இல்லை, பிள்ளைக்குத் தா' என்கிறாள் என்று நினைத்து ஆரணியிடம் ஒன்றைக் கொடுத்தேன். நானும் ஒன்றைக் கடித்தேன். பல்லில் வால்நட் நொறுங்கியது.

பாய்ந்து ஆரணியின் கையைத் தட்டிவிட்டேன். உருண்டை சுவரில் போய் விழுந்தது.

"கடிச்சனியோ? வாயைத் திற!"

"இல்லையம்மா, இன்னும் இல்லை."

எலேனா அழுதேவிட்டாள். அவர்கள் மொழியில் "தா" என்றால் ஓம், அதாவது ஆமாம். தலையை அப்படி ஆட்டினாலும் ஓம். அவள் இரண்டு தரம் உண்மையைச் சொல்லியும் எனக்கு விளங்கவில்லை.

இந்த வருடமும் தட்டோடு வந்தாள். "நட்ஸ்?" என்றேன். மேலும் கீழுமாகத் தலையாட்டினாள். என் கை தானாகவே ஆரணியைப் பின்னுக்கு இழுத்தது.

"அம்மா, எலேனா அன்ரி நட்ஸ் இல்லையெண்டு சொல்லுறா," என்றாள் ஆரணி.

எனக்கும் தெரியும். ஆனாலும் எலேனாவின் குசினிக்கே போய், சமைத்த சாமான்களைப் பார்த்துவிட்டு வந்துதான் கொடுத்தேன்.