கேட்டை உடைத்த இரண்டு கோஷ்டிகள்

நேற்று எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் ரோடு போட்டார்கள். தார் காய்ச்சிய வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் மெல்லப் போய்த் திறந்துவிட்டேன். என்ன செய்வது, எனக்கு அது இருபத்திரண்டு வயதின் வாசனை. மெட்ரிகுலேஷன் பாஸ் என்று தலையில் கொம்பு முளைத்திருக்க, ராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக உட்கார்ந்த காலம். முப்பதுகளின் தொடக்கம். கிடங்குக்குள்ளேயே ரயில் தண்டவாளம் வரும். அதன் கட்டைகளுக்கெல்லாம் தார் பூசியிருக்கும். என்னிடம் இருந்த இரண்டு வேட்டியிலும் அந்தக் கறை இருந்தது.

என் வேலைகளில் ஒன்று நடத்தைப் புத்தகம் எழுதுவது. யார் என்ன தப்பு செய்தாலும் அதில் ஏற வேண்டும்; பெரிய துரை கையெழுத்துப் போடுவார். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கர்வத்தை இரண்டு சின்னத் துரைகள் அடக்கினார்கள். சீமையிலிருந்து புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகள், என் வயதுதான். அவர்கள் அடித்த லூட்டிக்கு என் பாடப்புத்தகத்தில் வார்த்தையே இல்லை. பெரிய துரை சொல்லச் சொல்ல எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோர் குமாஸ்தாவை நாற்காலியோடு தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் அது 'ராக்'. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த குடியும் கூத்தும் செவ்வாய்க்கிழமை தள்ளாடிக்கொண்டு ஆபீஸ் வந்து சேர்ந்தால் 'ஸ்ப்ரீ'. 'ஹார்ஸ்ப்ளே' என்றதும் குதிரைப் பந்தயமாக்கும் என்று நினைத்தேன். குதிரையே கிடையாது, கால் உடைவது மேசை நாற்காலிக்குத்தான். எல்லாவற்றிலும் செல்லப்பிள்ளை 'லார்க்'. அடுத்தவன் பொருளை எடுத்து, உடைத்து, பிறகு சிரித்தால் லார்க். சிரிக்காவிட்டால் திருட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் ஆட்களுக்கு இத்தனை வகை கிடையாது. கூலிக்காரன் சத்தமாகத் தும்மினாலும் ஒரே வார்த்தைதான், 'ரௌடி'. அது ஏறிவிட்டால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் துறைமுகத்தில் எந்தக் கிடங்கிலும் ஒரு மூட்டையைத் தொட முடியாது.

தண்டவாளத்தில் ஒரு டிராலி இருந்தது. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஒரு நாள் சின்னத் துரைகள் அதில் ஏறிக்கொண்டு, மூட்டை தூக்கும் கன்னியப்பனைத் தள்ளச் சொன்னார்கள். அவன் காசிமேட்டுக்காரன், நல்ல வாட்டசாட்டம். 'ஃபாஸ்டர், ஃபாஸ்டர்' என்று ஒரே கூச்சல். சரிவில் டிராலி அவன் கையை விட்டு ஓடி, மரக் கேட்டைப் பிளந்துகொண்டு, வெளியே மீன் கூடைகளில் போய் மோதி நின்றது. தலையெல்லாம் நெத்திலியோடு துரைகள் எழுந்து வந்தார்கள். நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். பெரிய துரை சொன்னார், எழுதினேன்: 'லார்க். வாலிப உற்சாகம். மன்னிக்கப்பட்டது.'

கேட்டைச் சரிசெய்து ஒரு வாரம் ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் டமார்! இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கன்னியப்பன். தள்ளியவர்கள் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர்.

"ஏண்டா, உனக்கு ஏன் இந்த வேலை?" என்றேன்.

"எத்தினி நாளா தள்ளிகினே கீறேன் நைனா. ஒரு தபா குந்திகினு போய்ப் பாக்கலாம்னுதான்," என்று இளித்தான்.

பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். "ரௌடி. எழுதிக் கொண்டுவா."

வெளியே வந்து சொன்னதும் கன்னியப்பனின் இளிப்பு போய்விட்டது. "கண்ணாலம் கட்டி மூணு மாசங்கூட ஆவல. பாஸைப் புடுங்கிட்டா அவள இட்டுகினு எங்க போவேன்? எதுனா பண்ணு நைனா," என்று என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டான். என் காலைப் பிடித்திருந்தால் உதறியிருப்பேன். மேசையை ஆட்டினால் எழுத முடியாதே!

வீரம் கீரம் என்று நினைத்துவிடாதீர்கள், பேனாவை மூன்று தடவை மையில் தோய்த்தேன். பக்கத்தைத் திறந்தேன். மேல் வரியில் சின்னத் துரைகள். குமாஸ்தாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: மேலே இருப்பதே கீழேயும் வந்தால் திரும்ப எழுத மாட்டோம், 'மேற்படி' என்று இரண்டு குட்டிக் கோடு இழுப்போம். டிராலியா? மேற்படி. உடைந்தது கேட்டா? மேற்படி. கை அந்த வேகத்திலேயே குற்றம் எழுதும் கட்டத்துக்கும் போயிற்று. மேற்படி. மன்னிப்புக்கும் மேற்படி.

அதைப் படித்ததும் பெரிய துரைக்குக் காது சிவந்தது. "என்ன இது?"

"அதே டிராலி, அதே கேட், சார். ஆபீஸ் வழக்கம்," என்றேன்.

என் 'மேற்படி'யை அடித்து 'ரௌடி' என்று எழுதினால், அதே குற்றத்துக்கு மேல் வரியில் இருக்கும் 'லார்க்' பல்லை இளிக்கும். அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து. பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வரியில் அவரே என் பெயரை எழுதி, 'சீக்' என்று போட்டார். அகராதியில் கன்னம் என்றிருந்தது. விசாரித்த பிறகுதான் விளங்கிற்று, நாம் கொழுப்பு என்கிறோமே, அது. நான் வாங்கிய ஒரே பட்டம்.

கன்னியப்பனுக்கு லார்க்கின் அர்த்தத்தைச் சொன்னேன். குதிப்பான் என்று பார்த்தால், விரல் விட்டு எதையோ எண்ணினான். "அப்ப, இத்தினி நாளா நாங்க பண்ணதுல ஒண்ணுகூட வெளையாட்டு இல்லியா நைனா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதிய கை என்னுடையதுதானே.

இப்போது அந்தக் கிடங்கு இல்லை, டிராலி இல்லை, கன்னியப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டான். துரைகள் கப்பலேறியபோது ராக், ஸ்ப்ரீ, லார்க் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரௌடி மட்டும் ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது. போன மாதம் கன்னியப்பனின் பேரன், நின்றிருந்த லாரியை நகர்த்தி விளையாடி ஒரு மதிலை இடித்துவிட்டான் என்று ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனேன். ரைட்டர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன்; பேரன் பெயருக்கு நேரே 'ரௌடி'. மேல் வரியில் ஒரு வியாசர்பாடிப் பையன், அதற்கும் மேலே ஒரு திருவொற்றியூர்ப் பையன். பக்கத்தின் உச்சிவரைக்கும் தேடிவிட்டேன். மேற்படி போட ஒரு துரைகூட இல்லை.