நான் கொடுக்காத தலையசைப்பு

இசையில் மூழ்கிக் கண்களை மூடியிருந்தேன் என்று ஊர் நம்புகிறதே, அது பொய். சகாயராஜ் என்னிடம் கண்ணாலேயே நிறுத்த அனுமதி கேட்டதை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கண்களை மூடினேன்.

அவன் இறந்தது இதயக் கோளாறால் என்றார் மருத்துவர். சரியாகவே இருக்கலாம். ஆனால் நான்...? நீங்களே கேளுங்கள்.

நாங்கள் மூவர். நான் பியானோ, குமார் பாஸ் கிட்டார், சகாயராஜ் டிரம்ஸ். ஐரோப்பாவின் பழைய தேவாலய மெட்டுகளை எடுத்து ஜாஸாக மாற்றி வாசிப்போம். புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றை உணவகமாக்கியிருந்தார்கள். ஞாயிறு மாலைகளில் அங்கே எங்கள் கச்சேரி.

மெட்டை முதலில் உள்ளபடியே வாசிப்பேன். பிறகு அதைக் கலைத்துப்போட்டு ஆளுக்கொரு பக்கம் போவோம். மீண்டும் மெட்டுக்குத் திரும்ப நான் தலையசைக்க வேண்டும். அதுவரை டிரம்ஸ் நிற்கக் கூடாது. நடுவில் நிறுத்துவது மானக்கேடு என்று சகாயராஜுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவனே நான்தான்!

மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த மெட்டுகளை மாற்றி எழுதியவன் நான். கைதட்டல் மட்டும் அவனுக்கு. எனக்குப் பொறாமை... ஆம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு, உப்பளம் பகுதியிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்து இறங்கியபோதே அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மச்சான், நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா. இன்னிக்கு என்னோட சோலோவ சின்னதா முடிச்சிக்கலாம்."

"வாயுவா இருக்கும். முடியலன்னா என்னைப் பாரு, தலையாட்டுறேன்" என்றேன்.

அவன் மட்டும் தனியாக அடிக்கும் முறை வந்தது. தொடங்கியதுமே சபை ஆர்ப்பரித்தது. என் மெட்டை எல்லோரும் மறந்தேபோனார்கள்.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். உதடுகள் வெளுத்திருந்தன. கண்களில் கெஞ்சல்... நான் இமைகளை மூடிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும். தாளம் தவறட்டும். ஊர் பார்க்கட்டும். இதைத்தான் நினைத்தேன். ஒருமுறை கண் திறந்தேன். அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் மூடிக்கொண்டேன்.

அவன் தடுமாற வேண்டும் என்று விரும்பினேன், சாக வேண்டும் என்றல்ல. இந்த வேறுபாடு உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறதா? எனக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.

தாளம் தவறவில்லை. நின்றுபோனது. சிம்பல் தட்டோடு அவன் சரிந்து விழுந்த ஓசையை முடிவு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

"பாவம், இவரு பாட்டுல அப்படியே கரைஞ்சிட்டாரு, கவனிக்கல" என்று அவனை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் யாரோ எனக்காகப் பரிந்து பேசினார்கள். அந்தப் பொய்யை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் அவன் ஆண்டு நினைவுத் திருப்பலி. அன்று வாசித்த அதே மெட்டைக் கோவிலில் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் அவன் மனைவி ஸ்டெல்லா. வாசித்தேன். பூசை முடிந்து எல்லோரும் போன பின் அருகில் வந்தாள்.

"அன்னிக்கு மாதிரியே கண்ண மூடிகினு வாசிச்சீங்கண்ணா."

"வாசிக்கும்போது எனக்கு எதுவும் தெரியாதும்மா..."

"நடுவுல ஒரு வாட்டி தொறந்தீங்க. அவரப் பாத்தீங்க. நான் முன்னாடி டேபிள்லதான் உக்காந்திருந்தேன். அப்ப எனக்குப் புரியலண்ணா."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த வருஷமும் நீங்கதான் வாசிக்கணும். நான் முன்னாடிதான் உக்காருவேன்" என்றாள்.

சரி என்று தலையசைத்தேன்.

அவள் எதிரில் வாசிக்கும்போது இந்தக் கண்களை நான் என்ன செய்வேன்?