ஒரே ஃப்ளாப்பியில் ஓடிய கிழங்கு மண்டி

அடுத்தவருடைய கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிற தொழிலில், மெஷினைப் பழக்கிவிடலாம், வாங்கினவரைப் பழக்குவதுதான் பாடு; பட்டவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில், எட்டாவதோடு நின்ற நான் டி.வி. ரிப்பேர் கடையை மூடிவிட்டு இதில் இறங்கினேன். முதல் வேலை மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டி. மலையிலிருந்து லாரியில் இறங்கும் மூட்டைகளுக்குக் கம்ப்யூட்டர் சீட்டு அடிக்க வேண்டும்; சீட்டு இல்லாத மூட்டை ஏலத்துக்கு ஏறாது. "வெள்ளிக்கிழமை ஏலத்துல ஓடலைன்னா பொட்டியத் திருப்பி அனுப்பிப்போடுவேனுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். பொட்டியோடு நானும் திரும்ப வேண்டியதுதான்.

சுத்துற கிழங்கு

அது ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய மெஷின். புரோகிராமும் விவரமும் ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்கணும். நானோ ஆசையாக, ஆரம்பத்தில் ஒரு கிழங்கு சுற்றுகிற மாதிரி படம் போட்டு, பாதி ஃப்ளாப்பியை அதற்கே கொடுத்திருந்தேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது முதலிலிருந்து சுற்றும். சீட்டுக்குக் காத்திருந்த விவசாயி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற கிழங்கு லாரியில கெடக்குது. இது எதுக்குங்க சும்மா சுத்துது?"

அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

பத்துக் கேள்வி

அப்படியும் மறுநாளே ஃப்ளாப்பி நிறைந்துவிட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் பேர், அப்பா பேர், ஊர், தபால் ஆபீஸ் என்று பத்துக் கேள்வி வைத்திருந்தேன். விவசாயிகள் மூட்டை மேல் மையால் தங்கள் இரண்டெழுத்துக் குறியைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். மண்டியில் ஆளை அடையாளம் சொல்வதே அந்தக் குறியை வைத்துத்தான். அது தெரிந்தும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சீட்டு அடிக்கும் சரசக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னயப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இத்தன கேக்கலீங்க தம்பி."

குறி, மூட்டை எண்ணிக்கை, இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை

விடிந்ததும் லாரிகள் வரிசையாக நின்றன. கரண்டும் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறையும், வந்த வேகத்தில் திரையில் இரண்டு கேள்வி நின்றது. சரசக்கா தட்ட, சீட்டு விழுந்தது. ஏலக்காரர் முதல் குரல் கொடுத்தபோது சீட்டில்லாத மூட்டை ஒன்றுகூட இல்லை. முதலாளி திரையை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்:

"எதுத்த பாக்கு மண்டிக்காரருகிட்டயும் சொல்லியிருக்கேனுங்க. அவருக்கும் இதே மாதிரி, உள்ள ஒண்ணுமே இல்லாததா ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க."

மெஷினில் இடம் இல்லாததால் சின்னதாக எழுதினேன், ஊரார் அதை என் கெட்டிக்காரத்தனம் என்றார்கள், நானும் இந்நாள் வரை மறுத்துப் பேசவில்லை.