இடது கைக்கு வந்த வாளை

மில் இயந்திரத்தில் வலது கையை இழந்த வருடம், இனி தூண்டிலைத் தொடவே முடியாது என்று முடங்கிக் கிடந்தேன். என் மனைவி பாத்திமா விடவில்லை. சேவல் இறகைத் தூண்டில் முள்ளில் பூச்சிபோலக் கட்டினாள்.

“இடது கை சும்மாதானே இருக்கு மச்சான், வாங்க” என்று வைகைப் பேரணைக்கு அழைத்துப் போனாள்.

ஆடியில் மதகு திறந்த வேகத்தில் தூண்டில் நிற்கவில்லை. ஐப்பசியில் கலங்கல் தண்ணீர். நான் வீசிய முள் என் சட்டையிலேயே மாட்டியது. தை மாதம் தண்ணீர் குறைந்து தெளிந்தது. ஒரு காலை, இறகு நீரைத் தொட்டதும் பெரிய வாளை மீன் ஒன்று கவ்வியது. மூங்கில் கம்பு வளைய, நான் தடுமாறினேன்.

குளித்துக்கொண்டிருந்த ஒருவர், “குடுங்கண்ணே, நான் இழுக்குறேன்” என்று ஓடிவந்தார்.

“வேணாம்ணே! அவுகளே இழுக்கட்டும்” என்று பாத்திமா குறுக்கே நின்றாள்.

கம்பை விலாவில் இடுக்கினேன். மீன் ஓடியபோது கரையோடு ஓடினேன். அது களைத்தபோது பின்வாங்கி நடந்தேன். கடைசியில் வாளை மணலில் வந்து துள்ளியது.

“யாத்தே, எம்புட்டுப் பெருசு!” என்று கத்தினார் அவர். பாத்திமா சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு எத்தனையோ மீன் பிடித்துவிட்டேன். ஆனால் உதவ வந்தவரை அவள் தடுத்தாளே, அதைவிடப் பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை.