கன்னத்துக்கு வைத்தியம்

கத்தி பிடித்த நாளிலிருந்து நான் மனிதர்களிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை, 'ஆடாதீங்க'. என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் நீதிபதியும் ஆடக்கூடாது. ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். என் கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம் வந்தால் தலை ஒரு பக்கம் ஆடும், இமை ஒரு பக்கம் ஆடும்.

இடது கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு பழுதாகி வருகிறது, இதற்குப் பெயர் கிளாக்கோமா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலியே இருக்காது, ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே வரும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத் தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு. அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஓரம் தெரியாமல் போனால் என்ன கதி? நிஜமாகவே பயந்துபோனேன். ஒரு நாளும் தவறவிடவில்லை.

"படுத்துக்கோங்க, நான் விடறேன்" என்றாள் என் மனைவி.

"கத்தி பிடிக்கிற கை இது. ஒரு சொட்டு விடத் தெரியாதா?" என்றேன்.

கண்ணாடி முன் நின்று, தலையைச் சாய்த்து, பாட்டிலை அமுக்குவேன். ஜில்லென்று ஏதோ படும். துண்டால் ஸ்டைலாக ஒரு துடைப்பு. வேலை முடிந்தது.

இதற்கு நடுவில் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, பூனைமுடி கருத்து வளர ஆரம்பித்தது. வழுக்கைத் தலைக்கு எத்தனையோ எண்ணெய் தேய்த்தும் வராத முடி, கேட்காத இடத்தில் வந்து நின்றது. தொழில்காரன் சும்மா இருப்பேனா? தினமும் காலையில் சுத்தமாக வழித்தேன். ஒரு கன்னத்தில் மட்டும் ஏன் வளர்கிறது என்று யோசிக்கத்தான் மூளை வேலை செய்யவில்லை.

அடுத்த பரிசோதனையில் பிரஷர் இறங்கவே இல்லை. "மருந்து கேக்கல. ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்" என்ற டாக்டரம்மா, பேச்சை நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ ஷேவ் பண்றீங்களா?"

"ஆமாங்க. முடி வளருது."

"இந்த மருந்து பட்ட இடத்துல முடி வளரும். ஆனா உங்க இமையில வளரக் காணோமே. எப்படி விடறீங்க, காட்டுங்க."

காட்டினேன். சொட்டு நேராகக் கன்னத்தில் விழுந்தது. வழக்கமான ஸ்டைலில் துடைத்தேன்.

"கன்னத்துக்கு இப்ப பிரஷர் சரியாயிருக்கும்" என்றாள் கூட வந்திருந்த மனைவி. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கடையில் என் நாற்காலியில் என்னையே உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தில் துணியும் கட்டிவிட்டாள். "ஆடாதீங்க." டாக்டரம்மா கற்றுக்கொடுத்தபடி கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டாள், கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டாள். எரிந்தது. அப்போதுதான் மருந்து எரியும் என்பதே எனக்குத் தெரிந்தது.

பிரஷர் இறங்கிவிட்டது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். இமைமுடி நீண்டுவிட்டதால், மை தீட்டுகிறேனா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இடது ஓரப் பார்வை மட்டும் போனது போனதுதான்.

ஒரு நாள்தான் கவனித்தேன். மருந்து பாட்டில் இருப்பது நாற்காலிக்கு இடப்பக்கம். அதை எடுத்துக்கொண்டு அவள் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றுதான் விடுகிறாள்.

"எதுக்கு இந்தச் சுத்து? அங்கயே நின்னு விடலாமே" என்றேன்.

"அங்க நின்னா நான் வர்றது உங்களுக்குத் தெரியாதே."

தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டேன். ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.